குடிகாரக் கல்

தங்கம் விலை ஏறிய 1932-இல், ஆம்பூர்த் தோல் முதலாளி இஷ்தியாக் அகமதுக்குப் பொன்னாசை பிடித்தது. சமஸ்தான எல்லைக்கு அப்பால் கைவிட்ட தங்கச் சுரங்கம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்தார். கல்லை இடித்துத் தூளாக்கி, தோல் ஊறிய குழிகளிலேயே சயனைடு நீரில் ஊறப் போட்டார். தங்கம் நீரில் இறங்கும், பிறகு பிரித்துக்கொள்ளலாம்.

வெள்ளைக் கல் ஒழுங்காகத் தந்தது. கறுப்புக் கல்லையும் சேர்த்துப் போட்ட குழிகளில் மட்டும், இறங்கிய தங்கம் காணாமல் போயிற்று.

குழிகளுக்குப் பொறுப்பு மேஸ்திரி காசிநாதன்.

“இன்னா மேஸ்திரி, எங்க போச்சு? நெசத்தச் சொல்லு. இல்லேன்னா போலீசுதான்.”

“எம் பொண்டாட்டிக்கு ஒரு மூக்குத்திகூட இல்ல முதலாளி. வேலூர்ல ரசாயன வாத்தியார் ஒருத்தர் இருக்காராம். அவரக் கேளுங்க.”

வாத்தியார் அருணகிரி வந்தார். வெள்ளைக் கல் குழியின் நீரை ஒரு புட்டியில் எடுத்து, கறுப்புத் தூள் கொஞ்சம் போட்டு, முதலாளியின் இரும்புப் பெட்டியில் பூட்டச் சொன்னார். மறுநாள் சோதித்தால், அந்த நீரிலும் தங்கம் இல்லை.

“சாவி யாருகிட்ட இருந்துச்சு பாய்?”

முதலாளி இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“இந்தக் கல்லு ஒரு காலத்துல குட்டையோட அடிச்சேறு. அதுல செத்து மக்குன பாசியெல்லாம் கரியாகி உள்ளயே இருக்கு. அந்தக் கரி தங்கத்தக் குடிச்சுடும். தோலு ஆவாரம்பட்டைச் சாறக் குடிக்கல? அதுமாதிரி. எத்தினி வாட்டி ஊறவெச்சாலும் திருப்பித் தராது.”

தோல் குடிப்பதைப் பார்த்தே வளர்ந்தவருக்கு இது சட்டென்று விளங்கிற்று. மேஸ்திரியின் தோளைத் தட்டினார். “மனசுல வெச்சுக்காதே காசி. அந்தக் குடிகாரச் சனியன வாரி வெளிய கொட்டு.”

“குழியில எடுக்கற சக்கை மேஸ்திரிக்குன்றது நம்ம வழக்கம், முதலாளி.”

“பட்டைச் சக்கைன்னா அடுப்பெரிக்கலாம். கல்ல வெச்சு இன்னா பண்ணுவே? எடுத்துட்டுப் போ, பேஜார் வுட்டுச்சு.”

மாட்டுவண்டிகளைக்கூட முதலாளியே கொடுத்தார்.

சாயங்காலம் காசிநாதன் வீட்டுக் கொல்லையில் புதிதாக எழும்பியிருந்த சூளையைச் சுற்றிப் பார்த்த வாத்தியார், “நல்லா வறு மச்சான், கரி எரிஞ்சு போச்சுன்னா, அப்புறம் தங்கத்தப் புடிச்சு வெச்சுக்க அந்தக் கல்லால ஆகாது” என்றார்.