வாசலில் யாரும் இல்லை

தங்கையைக் கொன்றதாக அவன்மேல் வழக்கு. விசாரணையைப் புரிந்துகொள்ளும் மனநிலையில் இல்லை என்று கோர்ட் அவனை இந்த மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தது. ஏழு மாதமாக நர்ஸ் தினமும் அதைப் பற்றிக் கேட்டாள். "என் தங்கச்சி சாகலையே, சிஸ்டர். வியாழக்கிழமை ஆனா வந்து நிக்கிறாளே" என்பான்.

இன்று டாக்டர் முன்னால் மடமடவென்று ஒப்பித்தான். "அவ செத்துட்டா. என்மேல கொலைக் கேஸ். நீதிபதி விசாரிப்பார்." விசாரணைக்குத் தகுதி என்று டாக்டர் எழுதத் தொடங்கினார். நர்ஸுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

அவன் அவளிடம் குனிந்து கிசுகிசுத்தான். "பாவம், இன்னைக்கு வியாழக்கிழமை, தங்கச்சி வாசல்ல காத்திருப்பா. என்னைப் பார்க்க முடியாதுன்னு சொல்லிடுங்க."

அவன் மனசு ஆறட்டும் என்றுதான் போனாள். கம்பிக் கதவுக்கு வெளியே, கேஸ் கட்டில் இருந்த தங்கையின் போட்டோவில் பார்த்த அதே முகம், அதே நெற்றித் தழும்பு. "அண்ணன்கிட்ட குடுத்துடுங்க" என்று அந்தப் பெண் துணிகளை நீட்டினாள். நர்ஸின் கைகள் தாமாக வாங்கிக்கொண்டன.

திரும்பி வந்தவளிடம் டாக்டர் தலை நிமிராமலே கேட்டார், "வாசல்ல யாராவது இருந்தாங்களாம்மா?"

இருக்கிறாள் என்று சொன்னதற்குத்தான் ஒருவனை ஏழு மாதம் பூட்டி வைத்திருந்தார்கள்.

"யாரும் இல்ல, டாக்டர்" என்றாள். மார்போடு அணைத்திருந்த சட்டைகளில் இஸ்திரிச் சூடு இன்னும் ஆறவில்லை.