செருப்பு ஸ்டாண்டு

“பௌர்ணமி அன்னிக்கு இந்த ஊர்ல யாராவது ரிசப்ஷன் வெப்பாங்களாம்மா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள் கவிநிலா.

கல்யாண வேலைகளை எடுத்து நடத்திக் கொடுப்பது அவள் தொழில். வேங்கிக்காலில் ஆபீஸ். தேதி பார்க்கத் தெரியாமல் வந்து மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறாள்.

ராணியம்மாள் சிரிக்கவில்லை.

செங்கம் ரோட்டில், கிரிவலப் பாதையை ஒட்டிய மண்டபம் அது. காலியாகக் கிடந்தது. நட்டநடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள் ராணியம்மாள். பக்கத்தில் கல்யாணப் பெண் அபிநயா. கணவர் சுப்பிரமணி வாசலில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் ஏதாவது முடிவெடுக்க வேண்டி வந்தால் அவர் எதையாவது பார்க்கப் போய்விடுவார்.

“பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியவே நிறுத்திடுவாங்க. கார் உள்ள வராது, ஆட்டோ கெடைக்காது. உங்க சொந்தக்காரங்க எப்படி வந்து சேருவாங்க?”

“வர்றவங்க வருவாங்க.”

“அதுக்கு அடுத்த வாரம் ஒரு நல்ல முகூர்த்தம் இருக்கும்மா. மண்டபமும் காலியா இருக்கு.”

“வேணாம்.”

கவிநிலா அபிநயாவைப் பார்த்தாள். படித்த பெண், எடுத்துச் சொல்வாள் என்று நினைத்தாள். அபிநயா உதட்டைப் பிதுக்கினாள். வீட்டில் அவளும் கத்திப் பார்த்துவிட்டாள். அம்மா மசியவில்லை. காரணமும் சொல்லவில்லை.

ராணியம்மாளுக்கு வேண்டியது ஒன்றுதான். மண்டபம் நிறைய வேண்டும்.

சொந்தக் கிராமத்தில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பந்தியில் இறங்குகிறவள் அவள். அவள் கையால் சோறு வாங்காத வீடு அந்தத் தெருவில் கிடையாது. இப்போது அந்தத் தெருவே அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. மாப்பிள்ளை வல்லரசுதான் காரணம். அவன் வெளியூர்கூட இல்லை. அதே ஊர், மறுகோடி.

அண்ணன் புகழேந்தி தெருவில் நின்று, நாலு பேர் காதில் விழும்படி சொன்னார்: “உன் பொண்ணு கல்யாணத்துல ஒரு இலை விழுதான்னு பாக்கறேன்டி.”

ராணியம்மாள் வீட்டுக்குள் போய்க் காலண்டரை எடுத்தாள். ஜோசியர் யாரையும் கேட்காமல் அவளே தேதி குறித்தாள்.

“சரி, உங்க இஷ்டம்,” என்றாள் கவிநிலா. “சாப்பாடு பஃபே வெச்சுடலாமா? வர்றதே கம்மியாத்தான் இருக்கும்.”

“இலை போடணும். உட்கார வெச்சுப் பரிமாறணும்.”

“எத்தன பேருக்கு?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? சமையக்காரங்கள ரெண்டு செட்டா வரச்சொல்லு. விடியற வரைக்கும் அடுப்பு அணையக் கூடாது.”

கவிநிலா இந்த முறை சிரிக்கவில்லை. இந்த அம்மாவுக்கு எங்கோ ஏதோ கழன்றுவிட்டது என்று முடிவு கட்டினாள். வாதாடாமல் மிச்சத்தைச் சொல்லி முடித்துக் கிளம்புவதே நல்லது.

“வாசல்ல வாழை மரம், பன்னீர், சந்தனம். இந்த ஓரமா ஒரு செருப்பு ஸ்டாண்டு.”

“செருப்பு ஸ்டாண்டு இன்னாத்துக்கு?”

“வர்றவங்க செருப்பு விடத்தான்.”

“அவங்க கால்ல செருப்பே இருக்காது. அந்த எடத்துல பெரிய தொட்டியா வெச்சுத் தண்ணி ரொப்பு. நடந்து வந்த காலு, கழுவட்டும்.”

கவிநிலா வாசலைப் பார்த்தாள். சுப்பிரமணிக்கு அப்பால், ரோட்டோரமாக, நெற்றி நிறைய விபூதியோடு நாலைந்து பேர் வெறுங்காலில் போய்க்கொண்டிருந்தார்கள். சாதாரண நாளிலேயே இப்படி. பௌர்ணமி அன்று இந்த வாசலைத் தாண்டிக் கடல் போல ஜனம் போகும். மலையைச் சுற்றி வருகிற அத்தனை பேருக்கும் பசிக்கும்.

அபிநயா வாயைப் பொத்திக்கொண்டாள். “ம்மா! அடிப்பாவி, எங்கிட்டகூடச் சொல்லல பாரு.”

“சொன்னா நீ உங்க மாமாகிட்ட ஒளறிடுவ.”

“அப்போ வெளிய அன்னதானம்னு ஒரு பேனர்...” என்று இழுத்தாள் கவிநிலா.

“அன்னதானம்னு போட்டியா, கிழிச்சுடுவேன். கல்யாணம்னு போடு. பொண்ணு பேரு, மாப்பிள்ள பேரு, பெரிய எழுத்துல. எல்லாரும் உள்ள வரணும், சாப்புடணும், எம் பொண்ண வாழ்த்திட்டுப் போவணும். பத்திரிக வெச்சுக் கூப்பிட்டாதான் விருந்தாளியா?”

சொல்லிவிட்டு மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். நாற்காலிகள் போதாது என்று பட்டது. அந்த நினைப்பே அவளுக்கு நிறைவாக இருந்தது. தாடையை நிமிர்த்திக்கொண்டாள்.

கவிநிலா கையிலிருந்த பட்டியலில் செருப்பு ஸ்டாண்டை அடித்துவிட்டாள்.

அப்போதுதான் சுப்பிரமணி வாயைத் திறந்தார். திரும்பாமலே, மலையிடம் கேட்பது போலக் கேட்டார்.

“நம்ம ஊர்லேந்து வல்லரசோட அப்பாவும் அவங்க ஆளுங்களும் வருவாங்களே. அவங்க கால்ல செருப்பு இருக்குமே. எங்க விடுவாங்க?”

ராணியம்மாள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

“சம்பந்தின்னு சொல்லுய்யா,” என்றாள். “அவங்க யாரும் எங்கியும் விட வேணாம். செருப்போடவே உள்ள வரட்டும். நம்ம தெருவுல அத கையில தூக்கிக்கினு நடந்த வரைக்கும் போதும்.”