மோட்டார் கொட்டாய்க் கருடன்

"அண்ணே, கருடன் தன் இறகைத் தானே புடுங்கிப் போடுதுண்ணே!"

கொல்லை வேலையாள் பக்கிரி ஓடி வந்து சொன்னதும் தங்கராசு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மெதுவாடா! ஊரக் கூட்டிடுவ போலிருக்கே."

பெருமாள் கோயில் கும்பாபிஷேகம் அடுத்த வாரம். தங்கராசுதான் விழாக் கமிட்டித் தலைவர். அப்படிப்பட்ட மனுஷன் ஏரிக்கரையில் வலை போட்டுக் கருடனைப் பிடித்து, கரும்புக் கொல்லை மோட்டார் கொட்டாயில் அடைத்து வைக்கலாமா என்றால், வைக்கக்கூடாதுதான். ஆனால் அவர் பாடு அவருக்கல்லவா தெரியும்!

போன கும்பாபிஷேகத்தை நடத்தியவர் அவருடைய அப்பா. கலசத்தில் புனித நீர் ஊற்றும்போது மேலே கருடன் வட்டமிட்டால்தான் சாமி ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அன்றைக்கு ஒரு காக்கா கூட வரவில்லை.

"கோயில் சொத்தைத் தொட்ட கை. கருடன் எப்படி வரும்?" என்று கோவிந்தசாமி மாமா வாய் இருக்கிறதே என்று ஒரு வார்த்தையை விட்டார். ஊர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அப்பா அந்தப் பேரோடு போய்ச் சேர்ந்தார்.

இப்போதும் கனவில் வருகிறார். தோளில் குடத்தோடு கோபுரத்து மேல் நின்று, காலி வானத்தையே பார்க்கிறார். "வந்துடுச்சாடா?" என்று கேட்கிறார். தங்கராசு வாயைத் திறப்பதற்குள் விழிப்பு வந்துவிடும். பாவம், மகனுக்கும் ஆறவில்லை.

இந்தத் தடவை வந்தே ஆகணும். சரியான நேரத்துக்குக் கூண்டைத் திறந்துவிட்டால் தீர்ந்தது!

கொட்டாய்க்குள் போனார். கூரை ஓட்டை வழியாக இறங்கிய வெயிலில் வெள்ளை இறகுகள் மெல்ல மிதந்துகொண்டிருந்தன. ஒரு நிமிஷம் கனவுக்குள் நிற்பது போலவே இருந்தது. கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். பறவையின் மாரில் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் தோல்.

சிதம்பரத்தில் கால்நடை டாக்டராக இருக்கும் அக்கா மகள் சுவேதாவை வரவழைத்தார்.

"என்ன வேல மாமா இது? ஜெயில்ல போட்டுடுவாங்க!"

"அப்புறமா திட்டு. பேன் புடிச்சிருக்கா, சொறியான்னு மொதல்ல பாரும்மா."

இறகை விலக்கி விலக்கிப் பார்த்தாள்.

"ஒரு சீக்கும் இல்ல. அடைச்சு வெச்சதுதான் சீக்கு. பறக்க வழியில்ல, மீன் புடிக்க வழியில்ல. தவிப்பு தாங்காம தன்னையே புடுங்கிக்குது. தொறந்து வுட்டுடுங்க."

"கும்பாபிஷேகத்தன்னிக்கு வுட்டுடறேம்மா. சத்தியமா. அதுவரைக்கும் எதாவது வழி சொல்லு."

அவளுக்கும் தாத்தா ஞாபகம் வந்ததோ என்னவோ, குரல் இறங்கியது.

"கூண்டைப் பெருசாக்குங்க. உக்கார மரக்கெளை வைங்க. குளிக்கத் தொட்டியில தண்ணி. மீனை நறுக்காம முழுசாப் போடுங்க, கிழிச்சுத் தின்னட்டும். அன்னிக்கும் வுடலேன்னா நானே ஃபாரஸ்டுக்கு போன் போடுவேன். மாமான்னு பாக்க மாட்டேன்."

எல்லாம் செய்தார். மீன் கூட முதுநகர்த் துறைமுகத்திலிருந்து ஐஸ் வைத்து வந்தது. பறவை குளித்தது, கிழித்துத் தின்றது, இறகு பிடுங்குவதும் குறைந்தது. ஆனால் பொழுது சாயும்போது கூரைக்கு மேலே ஒரு நீளக் கூவல் கேட்கும். அதைக் கேட்டதும் தலையைத் தூக்கும். பதிலுக்குக் கத்தும். கூவல் நின்றதும் மறுபடி மாரைப் பிடுங்கும்.

"இன்னொரு கருடன் தெனமும் கொட்டாய் மேலயே சுத்துதுண்ணே."

"நல்ல சகுனம்டா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் தங்கராசு.

அந்த நாளும் வந்தது. தைப் பனி விலகி, நாதஸ்வரமும் சாம்பிராணிப் புகையுமாக ஊரே மிதந்தது. கோயிலுக்குப் பின்னால் மண்டபத்து மொட்டைமாடியில், வேட்டி போர்த்திய கூண்டோடு பக்கிரி.

தலையில் பரிவட்டத்தோடு கோபுரத்து மேல் நின்ற தங்கராசு, பட்டர் குடத்தைச் சாய்த்ததும் திரும்பிப் பார்த்தார். பக்கிரி கூண்டைத் திறந்தான். பறவை மூலையில் ஒடுங்கிக்கொண்டு கத்தியதே ஒழிய, வெளியே வரவில்லை. பக்கிரி இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

போச்சு. எல்லாம் போச்சு. தங்கராசு தலையைக் குனிந்துகொண்டார்.

"கருடன்! கருடன்!"

ஊரே அலறியது. நிமிர்ந்தார். நீல வானத்தில் ஒரு கருடன், அவசரமே இல்லாமல், வட்டம் போட்டது. கீழே பாதிப்பேர் அழுதார்கள். கோவிந்தசாமி மாமா தள்ளாடித் தள்ளாடி மேலேறி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கப்பாரப் பத்தி அன்னிக்கு நான் பேசினது தப்புடா. அவரு சொக்கத் தங்கம்."

இதைக் கேட்கத்தானே இத்தனை வருஷம்! தங்கராசுவுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் தெரிந்தது: கருடன் கலசத்தைச் சுற்றவில்லை. மண்டபத்து மாடியைச் சுற்றியது. அதே நீளக் கூவல்.

விழுந்தடித்து இறங்கி மாடிக்கு ஓடினார். கோவிந்தசாமியும் பாதி ஊரும் பின்னாலேயே. கூண்டை மறுபடி வேட்டியால் மூடினால் போதும், யாருக்கும் தெரியாது.

தங்கராசு பரிவட்டத்தை அவிழ்த்தார். அதிலேயே பறவையை அணைத்துத் தூக்கி, கைப்பிடிச் சுவர் மேல் வைத்தார். மேலே கூவல் கேட்டது. பறவை தடுமாறி எழும்பியது. பிறகு வானத்தில் இரண்டு கருடன்.

"பெருமாளே உன்னத் தேடி வந்துட்டாருடா தங்கராசு!" என்று கோவிந்தசாமி மாமா கை கூப்பினார்.

"என்னத் தேடி வரல மாமா," என்றார் தங்கராசு. "நான் புடிச்சு அடைச்சு வெச்சிருந்த தன் பொண்டாட்டியத் தேடி வந்திருக்கு."