வாசலில் ஒரு வண்டி குப்பை

"கொட்டு மோசஸ்! நடு வாசல்லயே கொட்டு!"

கிரேஸ் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. மோசஸ் பேட்டரி வண்டியின் தொட்டியைச் சாய்த்தான். மீன் செதிளும் அழுகிய தக்காளியுமாக ஒரு வண்டி குப்பை, கவுன்சிலர் ஹேமாவதி வீட்டு வாசலில் சரிந்தது.

"நல்லா நாறட்டும்! எங்க பொழப்பு நாறிப்போச்சு இல்ல, அந்தம்மா ஊடும் நாறட்டும்!"

கோபம் நியாயமான கோபம்தான். பேரூராட்சியின் குப்பை வேலையை ஒரு தனியார் கம்பெனிக்குத் தூக்கிக் கொடுக்க இன்றைக்கு ஓட்டெடுப்பு. கம்பெனி வந்தால் ஐம்பது வயசு தாண்டியவர்களுக்கு வேலை கிடையாதாம். தூய்மைப் பணியாளர் சங்கத்தின் செயலாளர் கிரேஸுக்கே ஐம்பத்திரண்டு. நடவு, அறுப்பு என்று கூலிக்கு அலைந்த குடும்பத்தில் மாதச் சம்பளத்தைக் கண்ணால் பார்த்த முதல் ஆள் அவள். கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் இந்த வயசுக்கு யார் சேர்ப்பார்கள்?

ஹேமாவதிதான் நம்பிக்கை கொடுத்திருந்தாள். "என்னோட பத்து பேரு இருக்காங்க கிரேஸக்கா. ஓட்டுக்கு வரட்டும், ஒரு கை பாத்துடலாம்."

அதை நம்பி, காலையிலேயே சங்கம் மொத்தமும் பேரூராட்சி வாசலில் போய் உட்கார்ந்தது. கம்பெனி பக்கம் நிற்கிற பேரூராட்சித் தலைவர் வந்தார். அவருடைய ஆட்கள் மூன்று பேர் வந்தார்கள். ஹேமாவதி வரவில்லை. அவள் சொன்ன பத்துப் பேரில் ஒருத்தர்கூட வரவில்லை. எல்லோருடைய போனும் தொடர்பு எல்லைக்கு வெளியே. போதுமான உறுப்பினர்கள் இல்லாததால் கூட்டம் ரத்து என்று ஒரு பேப்பரை ஒட்டிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

"பழவேற்காடு ஏரியில பிக்னிக்காம்க்கா," என்றான் மோசஸ். "ஹேமாவதியம்மா ஊட்டுக்காரு ஏழுமலை இல்ல, அவரு போட்லதான் எல்லாரும் ஏறினாங்களாம். பிரியாணி குண்டானோட."

"எதுத்துக் கை தூக்க துப்பில்லாம ஓடி ஒளிஞ்சிகினாங்க. அடுத்த கூட்டத்துல சத்தமில்லாம முடிச்சுடுவாங்க பாரு. நீ வண்டிய எடுத்துகினு போ. அந்தம்மா மூஞ்சியப் பாத்து நாலு வார்த்த கேக்காம நான் நகரமாட்டேன்."

பொழுது சாயும் நேரத்தில் ஹேமாவதி வந்தாள். புடவை முழங்கால் வரைக்கும் சேறு. பின்னாலேயே காலிக் குண்டானைத் தோளில் வைத்துக்கொண்டு ஏழுமலை.

"இன்னா கவுன்சிலரம்மா, பிரியாணி நல்லா இருந்துச்சா?"

ஹேமாவதி வாயைத் திறப்பதற்குள் ஏழுமலை முந்திக்கொண்டான். "போட்டு சேத்துல மாட்டிகிச்சுக்கா. தண்ணி எறங்கிப் போச்சு. மறுபடி ஏறினப்புறம்தான் நகத்த முடிஞ்சுது. அங்க டவரும் இல்ல. ஒரே பேஜாராப் பூட்ச்சு."

திட்ட வாயெடுத்த கிரேஸ் அப்படியே நின்றாள். ஏழுமலையா? ஏரியில் எந்த இடத்தில் எத்தனை அடி தண்ணீர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற ஆளாயிற்றே. அவன் படகு பட்டப்பகலில் சேற்றில் மாட்டியதா?

"யாருகிட்ட நைனா கத உடற? நீ போய் சேத்துல மாட்டுவியா?"

ஏழுமலை சிரித்தான். ஹேமாவதி தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நேத்து கட்சியில மேலேர்ந்து உத்தரவுக்கா. கம்பெனிக்குக் கை தூக்கணும், தூக்காதவங்களுக்குக் கட்சியில எடமில்லன்னு. எல்லாருக்கும் போன் வந்துச்சு. பாதிப் பேரு பயந்துட்டாங்க. வந்திருந்தா கண்டிப்பா தூக்கியிருப்பாங்க. அதான் இவருக்குப் பொறந்தநாளுன்னு சொல்லி, விடிஞ்சதும் எல்லாரையும் போட்ல ஏத்திட்டோம். மாட்டிகிச்சுன்னு தெரிஞ்சதும் அவங்களுக்கு இன்னா நிம்மதி தெரியுமா? ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் துன்னாங்க."

"அடுத்த கூட்டத்துல வச்சா இன்னா பண்ணுவ?"

"அந்தக் கம்பெனி போட்ட டெண்டரு இன்னியோட காலாவதிக்கா. இனிமே அவங்க மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அதுக்குள்ள நீங்க கோர்ட்டுக்குப் போங்க."

வேலை பிழைத்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்க முடியாமல் காலடியில் கிடந்த குப்பை நாறியது. வெட்கம் பிடுங்கித் தின்ன, கிரேஸ் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அள்ளுவதற்குக் குனிந்தாள்.

ஹேமாவதி சட்டென்று கையைப் பிடித்தாள்.

"தொடாதக்கா! நாளைக்குத் தலைவரோட ஆளுங்க விசாரிக்க வருவாங்க. போட்டு மாட்டின கதைய நீயே நம்பல, அவங்களா நம்புவாங்க? இந்தக் குப்பையப் பாத்தாத்தான் நாங்க உங்க பக்கம் இல்லன்னு நம்புவாங்க. இருக்கட்டும் உடு."

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. கிரேஸ் நிமிர்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடுப்பில் கையை வைத்து, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"துரோகி! இதோட உட்ருவேன்னு நெனைக்காத! நாளைக்கும் ஒரு வண்டி கொண்டாந்து கொட்டறேனா இல்லையா பாரு!"

அப்புறம் சேலைத் தலைப்பை உதறுகிற சாக்கில் ஹேமாவதியின் காதருகே குனிந்தாள்.

"நாளைக்கு நாத்தமில்லாம, வெறும் காஞ்ச எலையா பாத்து எடுத்தாறேம்மா."