வல்லின ற

தமிழாசிரியை மங்கையர்க்கரசியின் வலைப்பதிவுக்கு இருபத்தாறு வயது. அதைத் தன் சர்வருக்கு மாற்றவிருந்த நிறுவனத்தின் இயந்திரக் குரல், மாதிரிப் பக்கத்தைக் காட்டிக் குழைந்தது. "பின்னூட்டங்கள்ல இருந்த பிழையையும் திருத்திட்டோம் மேடம்."

இறந்துபோன கணவர் ஒவ்வொரு பதிவின் கீழும் எழுதிய "அறுமை" எல்லாம் "அருமை" ஆகியிருந்தது.

"அதைப் பழையபடி மாத்துங்க."

"பிழையான எழுத்தை இப்ப எந்த சர்வரும் ஏத்துக்காது மேடம்."

"அந்த 'ற'வுக்காக இருபது வருஷம் அவரோட சண்டை போட்டவ நான். என்னாலயே திருத்த முடியல. நீ யாரு திருத்த?"

வீட்டிலிருந்த பழைய கணினியை ஃபிரிட்ஜ் மேல் வைத்து, அதையே தன் சர்வராக்கி வலைப்பதிவை ஏற்றினாள். இனி கரண்ட் போனால் வலைப்பதிவும் போகும். வரும்போது "ற"வோடு வரும்.