எந்த ஊர்ப் பேச்சு?

"பேரு ரொனி, கத்தோலிக்க ஆளுன்னு வெளங்குது. ஆனா இந்த மனுஷன் எந்த ஊரு டீச்சர்?"

மடவளையில் சிற்றிதழ் நடத்தும் பஹ்மி, கதைத் தாள்களை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார். எதிர்க் கதிரையில், கலஹாவிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்த பெற்றீசியா. கணவர் ரொனியின் ஆண்டுத் திவசத்துக்குள் அவரைப் பற்றித் தான் எழுதிய கதை அச்சில் வந்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை.

"பேராதனை சேர்."

"பேராதனைல யாரு இப்படிப் பேசுற? கேளுங்க. 'ஓம், இந்தா வாறன். வெளிய போவாத புள்ள, மழ ஈக்குது.' 'ஓம்', 'வாறன்' யாழ்ப்பாணம். 'போவாத புள்ள' உங்கட தேயிலைத் தோட்டத்துப் பேச்சு. 'ஈக்குது' எங்கட மடவளை முஸ்லிம் பேச்சு. ஒரே வாயில மூணு ஊரு!"

பெற்றீசியா சிரித்துவிட்டாள். "அவரு வாயி அப்படித்தான் சேர்."

"நீங்க சிரிக்கிறீங்க. வாசிக்கிறவன் என்னைத்தானே ஏசுவான்! எடிட்டர் தூங்கிட்டாரான்னு கேப்பான். ஒரு ஊர எடுங்க டீச்சர். எல்லாத்தையும் தோட்டத்துப் பேச்சாவே மாத்திருவோம், என்ன?"

"மாத்துனா வேற யாரோ பேசுற மாதிரி ஆயிரும் சேர்."

"இப்படியே போட ஏலாதே."

அவள் தாள்களைக் கையில் எடுத்தாள். ரொனியின் படங்கள் வீட்டில் நிறைய இருந்தன. குரல்தான் எதிலும் பதிவாகவில்லை. அவர் பேசியதில் மிச்சம் இவ்வளவுதான்.

"அப்ப வேணாம் சேர். நான் கொண்டு போயிர்றேன்."

"கோவிக்காதீங்க, இரிங்க." பஹ்மியின் குரல் தணிந்தது. "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இவருட வாப்பா எந்த ஊரு, உம்மா எந்த ஊரு? சின்ன வயசுல வீட்டுல என்னதான் பேசினாங்க?"

"சிங்களம் சேர். அவரு கலஹா பஸ்ஸுல கொண்டக்டர். அப்ப எனக்கு சிங்களம் வராது. எங்கிட்ட பேசணும்னே, பஸ்ஸுல ஏறுற யாழ்ப்பாணத்து கேம்பஸ் புள்ளைங்க, முஸ்லிம் கடைக்காரங்க, தோட்டத்து சனங்கன்னு ஒவ்வொருத்தர்கிட்டயா கேட்டுக் கேட்டுச் சேத்த தமிழ் சேர் இது."