காதில் வாங்காதவர்

"அடுப்படியில கேஸ் வாடை அடிக்குதுங்க."

"உனக்கு எப்பவும் பிரமைதான். பேசாம வேலையைப் பாரு," என்று சொல்லிவிட்டுக் கணவன் கிளம்பிப் போனான்.

ஒரு வாரமாக இதே பதில்தான். அன்று வாடை தலையைச் சுற்றவைத்தது. அவள் வால்வை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, தூங்கும் கைக்குழந்தையை அள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்து கேஸ் கம்பெனிக்கு போன் செய்தாள்.

புதிதாகச் சேர்ந்திருந்த சூப்பர்வைசர் ஒரு மெக்கானிக்கோடு வந்தார். மெக்கானிக் குனிந்த தலை நிமிராமல் குழாய் இணைப்பில் சோப்பு நுரையைத் தடவி, வால்வை லேசாகத் திறந்தான். குமிழ் குமிழாகப் பொங்கியது. உடனே மூடிவிட்டு, இணைப்பைக் கழற்றிப் புதிதாக மாட்டினான். மறுபடி தடவிப் பார்த்தபோது நுரை அசையவில்லை.

சூப்பர்வைசர் பெருமூச்சு விட்டார். "ஒரு ஸ்விட்சைத் தட்டியிருந்தா வீடே போயிருக்கும்மா. வீட்டுக்காரர்கிட்ட சொல்லலையா?"

"சொன்னேன் சார். காதுல வாங்கல."

"பச்சைக் குழந்தை இருக்கிற வீடு! இப்படியும் ஒரு மனுஷனா? கூப்பிடுங்க அவரை, நாலு வார்த்தை கேக்கணும்."

அவள் தயங்கினாள். "வெளியூர் போயிருக்கார் சார்."

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தான். அவன் முகம் சிறுத்துப்போயிருந்தது.

"இல்ல சார். என் மானத்தைக் காப்பாத்தப் பொய் சொல்றா. நான்தான் இவ வீட்டுக்காரன்."